மறதி என்று வந்தவர்: 52 வயது மேற்பார்வையாளர் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

சம்பந்தப்பட்டவரின் ஒப்புதலோடு இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் உளவியல் ஆலோசகர், மருத்துவர் அல்ல. இதில் வரும் தவறுகளில் பெரியது என்னுடையது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பின்னணி

அவருக்கு வயது 52. இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஆலையில் உற்பத்தித் திட்டமிடல் பிரிவின் மேற்பார்வையாளர். 28 ஆண்டு அனுபவம். அதில் முதல் 15 ஆண்டுகள் பட்டறைக்குள், பிரஸ் இயந்திரங்களுக்குப் பக்கத்திலேயே கழிந்தவை. அந்தக் காலத்தில் காதடைப்பான் கொடுத்தார்கள், யாரும் போட்டுக்கொள்ளவில்லை என்றார்.

மனைவிக்கு 49. ஒரே மகள் வேலை கிடைத்து வெளியூர் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. 79 வயது அப்பா பக்கவாதத்துக்குப் பிறகு இவர்கள் வீட்டில் இருக்கிறார். அப்பாவுக்கு நினைவு சீராக இல்லை. இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்து அவரைக் கழிப்பறைக்கு அழைத்துப் போவது இவர்தான். மகளை வளர்த்த களைப்பு தீரும் முன்பே அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை வந்து சேர்ந்துவிட்டது.

அலுவலகத்தில் மூன்று மாதத்துக்குள் மூன்று சம்பவங்கள். கூட்டத்தில் எழுபது பெட்டி என்று சொன்னதை எண்பது என்று குறித்துக்கொண்டு திட்டம் போட்டார். வரைபடத்தில் 0.03 என்றிருந்த அளவை 0.08 என்று படித்துப் பட்டறைக்கு அனுப்பினார். மூன்றாவதுதான் விவகாரமானது. புதிதாக வந்த மேலாளர், 34 வயதுப் பெண், பட்டறைக்குள் நடந்துகொண்டே ஒரு வேலையைச் சொல்லியிருக்கிறார். இவர் தலையாட்டியிருக்கிறார். வேலை நடக்கவில்லை. "சின்னப் பொண்ணு சொல்றதைக் கேட்கணுமான்னு நினைக்கிறார்" என்று பிரிவுக்குள் பேச்சு கிளம்பியது. அவருக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லை. தனக்கு அப்படி ஒரு வேலை சொல்லப்பட்டதே தெரியாது என்றார். அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

முதல் சந்திப்பு

அவராக வரவில்லை, மனைவி அழைத்துவந்தார். "ஒரு வருஷமா எதுவும் மனசுல நிக்கிறதில்லை. சொன்னா மறந்துடுறார். கேட்டா எரிஞ்சு விழறார். ஷட்டில் விளையாடப் போவார், இப்போ அதுவும் இல்லை. வீட்டுல டிவி முன்னாடியே உட்கார்ந்திருக்கார்." இதைச் சொல்லும்போது அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி வெளியே போனதும் அவர் சொன்ன முதல் வாக்கியம்: "அப்பாவுக்கு வந்தது எனக்கும் ஆரம்பிச்சுடுச்சு மேடம்."

நாற்பது வயதில் நாய்க்குணம் என்பார்கள். ஐம்பதைத் தாண்டியவர், மகள் வீட்டை விட்டுப் போயிருக்கிறாள், அப்பா படுக்கையில், தலைக்கு மேல் தன்னைவிட 18 வயது இளைய மேலாளர். எரிச்சலும் ஒதுங்குதலும் சேர்ந்த இந்தக் கதை எனக்குப் பழகிய கதை. எலியட் ஜாக்வெஸ் 1965இல் நடுவயது நெருக்கடி என்ற சொல்லை எழுதியதிலிருந்து, இந்த வயதில் எது நடந்தாலும் அந்தப் பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவது எல்லோருக்கும் சுலபமாகிவிட்டது. நானும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தேன். மனச்சோர்வு, கூடவே பணிச்சோர்வு என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்விப் படிவத்தில் 9 மதிப்பெண் வந்தது. 5 முதல் 9 வரை லேசானது என்று கணக்கு. பிறகு மாண்ட்ரியல் அறிதிறன் மதிப்பீட்டைச் செய்தேன். மொத்தம் 30, 26 அல்லது அதற்கு மேல் இருந்தால் இயல்பு என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அவருக்கு 24 வந்தது.

இழந்த ஆறு மதிப்பெண்களில் மூன்று, சொற்களைச் சிறிது நேரம் கழித்து நினைவுகூரும் பகுதியில். மற்றவை வாக்கியத்தைத் திருப்பிச் சொல்வதிலும், எண் வரிசையிலும், குறிப்பிட்ட எழுத்து காதில் விழும்போது மேசையைத் தட்டும் பகுதியிலும். வரைய வேண்டியவை, கடிகாரம் போடுவது, பெயர் சொல்வது, ஒற்றுமை சொல்வது எதிலும் ஒரு மதிப்பெண் கூடப் போகவில்லை. இந்த அமைப்பு எதைச் சொல்கிறது என்று அன்றைக்கே பார்த்திருக்க வேண்டும். நான் கூட்டுத்தொகையைப் பார்த்தேன்.

அவரது மருத்துவருக்கு அன்று மாலையே கடிதம் எழுதினேன்: அறிதிறன் மதிப்பீட்டில் 24, நரம்பியல் ஆய்வு தேவைப்படலாம். மருத்துவர் தைராய்டு, பி12, சர்க்கரை பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. ரத்த அழுத்தம் 142/90, அதற்குத் தனியே கண்காணிப்பு ஆரம்பித்தது. மூளை ஸ்கேனிலும் விளக்கம் தரும்படி ஒன்றும் இல்லை. இதெல்லாம் முடிய நான்கு வாரம் ஆயிற்று. அந்த நான்கு வாரமும் அவர் தன் சேமிப்புக் கணக்கு விவரங்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி மனைவியிடம் கொடுத்திருக்கிறார்.

இரண்டாவது சந்திப்பு: கண்ணில் பட்டது

ஸ்கேன் முடிவோடு வந்தார். நல்ல செய்திதான், ஆனால் முகத்தில் நிம்மதி இல்லை. "ஒண்ணும் இல்லைன்னா ஏன் மறக்குது?" நியாயமான கேள்வி.

தூக்கம் பற்றி விசாரித்தபடியே குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். "எத்தனை மணிக்குப் படுப்பீங்க?" என்று கேட்டேன். "அப்பாவோட அறையிலதான்" என்றார். எங்கே படுப்பீர்கள் என்று கேட்டதாக எடுத்துக்கொண்டிருக்கிறார். நிமிர்ந்து பார்த்து அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டேன். "பதினொன்றரை ஆகிடும்" என்று சரியாகச் சொன்னார். சற்று நேரத்தில் இன்னொன்று பிசகியது. அப்போதும் நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு அறையைப் பார்த்தேன். என் நாற்காலிக்குப் பின்னால் பழைய ஏசி ஒன்று சீராக இரைந்துகொண்டிருந்தது. எனக்குப் பின்புறம் ஜன்னல். வெளிச்சம் அவர் கண்ணில் படும், என் முகம் நிழலில் இருக்கும். அவர் இடது காதை லேசாக என் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார். முதல் நாளும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். ஜன்னலைப் பார்க்கிறார், பேச்சில் விருப்பமில்லை என்று அன்று எழுதிவைத்திருந்தேன்.

ஏசியை நிறுத்தினேன். ஒரு தாளால் வாயை மறைத்துக்கொண்டு சாதாரணக் குரலில் பத்துச் சொற்கள் சொன்னேன். நான்கைத்தான் சரியாகத் திருப்பிச் சொன்னார். தாளை எடுத்துவிட்டு வேறு பத்துச் சொற்கள், ஒன்பது சரி. இதை முறையான பரிசோதனை என்று சொல்ல முடியாது. ஆனால் மறதி இப்படி ஒரு தாளை எடுத்ததும் சரியாகாது.

பழைய விடைத்தாளை எடுத்துப் பார்த்தேன். நினைவுகூரும் பகுதிக்கு முன்பு சொற்களை வாசித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வோம். அங்கேயே இரண்டு சொற்கள் ஓசையில் நெருங்கிய வேறு சொற்களாக வந்திருந்தன. உச்சரிப்பு வித்தியாசம் என்று நினைத்து சரி போட்டிருந்தேன். கேட்காத சொல்லை எப்படி ஞாபகம் வைத்திருக்க முடியும்?

காதும் கண்ணும்

செவித்திறன் நிபுணர் எடுத்த வரைபடம், இரண்டில் நன்றாகக் கேட்கும் காதுக்கு (ஹெர்ட்ஸ் என்பது சுருதி; டெசிபல் எண் கூடக் கூடக் கேட்கும் திறன் குறைவு): 500 ஹெர்ட்ஸில் 15 டெசிபல், 1000இல் 20, 2000இல் 35, 4000இல் 60, 8000இல் 50. முதல் நான்கின் சராசரி 32.5. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் இது 'லேசான' குறைபாடு. இந்த 'லேசான' என்ற சொல்லை யாரும் நம்பி ஏமாற வேண்டாம். சராசரி லேசாகத்தான் இருக்கிறது. 4000இல் இருக்கும் பள்ளம் ஆழமானது. வருடக்கணக்கில் இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு அந்த இடத்தில்தான் பள்ளம் விழும். அதன் மேல் வயதும் தன் பங்கைச் சேர்த்துக்கொள்கிறது. உட்காதின் மயிரணுக்களில் மேல்சுருதியை வாங்குபவை முதலில் அடிபடுகின்றன. போனவை மறுபடி முளைப்பதில்லை.

இதன் விளைவை நிபுணர் அவருக்கு விளக்கிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. பாசம், பாதம், பாகம் என்று மூன்று சொற்களை முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். மூன்றும் ஒரே சொல்லாகக் கேட்கிறது என்றார் இவர். உயிரோசை தாழ்ந்த சுருதி, பலமாக இருக்கும், அது கேட்டுவிடுகிறது. நடுவில் இருக்கும் மெய்யோசை மெலிந்தது, மேல்சுருதியில் இருப்பது, அதுதான் நழுவுகிறது. அதனால்தான் இப்படிப்பட்டவர்கள் "சத்தம் கேட்குது, என்ன சொல்றீங்கன்னு புரியலை" என்பார்கள். எழுபது எண்பதானதும் இப்படித்தான். பழைய மேலாளர் கனத்த குரல்காரர், அவரோடு ஒரு சிக்கலும் இருந்ததில்லை. புதிய மேலாளர் மென்மையாகப் பேசுபவர், அதுவும் பட்டறை இரைச்சலில், பக்கவாட்டில் நடந்துகொண்டே.

கண் விஷயம் சுலபமானது. வெள்ளெழுத்து. கண்வில்லை வயதோடு இறுகி, கிட்டப் பார்வைக்கு வளைந்து கொடுக்க மறுக்கும். நாற்பதுகளின் நடுவிலேயே பலருக்கும் தொடங்கிவிடும். இவர் கண்ணாடியே போடாமல் போனைக் கை நீட்டிப் பிடித்துச் சமாளித்துக்கொண்டிருந்தார். பிளஸ் 2 பவர் கொடுத்தார்கள். மூன்றும் எட்டும் மறுநாளே பிரிந்துவிட்டன.

எதை முதலில் செய்வது

செவித்திறன் நிபுணர் இரு காதுக்கும் ஹியரிங் எய்டு பரிந்துரைத்தார். இவர் மறுத்துவிட்டார். காரணம் வீட்டிலேயே இருந்தது. அப்பாவுக்குப் பத்து வருடம் முன்பு வாங்கிய கருவி, ஓயாமல் விசில் அடித்த கருவி, மேசை டிராயரில் கிடக்கிறது. அதை வைத்து அப்பாவைக் கேலி பேசியவர்களை இவருக்குத் தெரியும். "அதை மாட்டிக்கிட்டா நானும் அவரும் ஒண்ணுதானே மேடம்." நினைவு போகிறது என்ற பயத்துக்கும் இந்த மறுப்புக்கும் ஒரே வேர்.

நான் வற்புறுத்தவில்லை. அன்றிரவே தொடங்கக்கூடியதை முதலில் எடுத்துக்கொண்டோம்: தூக்கம். அவர் தூங்குவது ஐந்து மணி நேரத்துக்கும் குறைவு, அதுவும் துண்டு துண்டாக. தூக்கம் குறைந்தால் கவனமும் வேகமும் குறையும்; காது கேட்காத குறையோடு அதுவும் சேர்ந்தால் இரண்டையும் பிரித்துப் பார்க்கவே முடியாது. அக்காவிடம் பேசினார். பேசுவதற்கே மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். "அக்கா, என்னால தனியா முடியலை" என்று சொல்வது அவருக்கு ஸ்கேனைவிடக் கடினமாக இருந்தது. வாரத்தில் இரண்டு இரவுகள் அக்கா பொறுப்பேற்றார், மூன்று இரவுகளுக்கு உதவியாளர் ஏற்பாடானது.

மனச்சோர்வுக்கு மருந்து தொடங்க வேண்டாம், ஆறு வாரம் பார்க்கலாம் என்று மருத்துவரும் நானும் ஒத்துக்கொண்டோம். காரணங்கள் கண்ணுக்குத் தெரிந்தன, மதிப்பெண்ணும் லேசான வரம்பில்தான் இருந்தது.

பத்தாவது வாரம், மதிப்பீட்டின் மாற்று வடிவத்தை வைத்து மறுபடி செய்தேன். ஏசி நிறுத்தி, வெளிச்சம் என் முகத்தில் படும்படி உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லும் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று உறுதி செய்துகொண்டு. 28 வந்தது. இந்த நான்கு மதிப்பெண்ணில் காதுக்கு எவ்வளவு, தூக்கத்துக்கு எவ்வளவு, இரண்டாம் முறை செய்கிற பழக்கத்துக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

அந்த முடிவைப் பார்த்த பிறகுதான் கருவிக்குச் சம்மதித்தார். மூளையில் கோளாறு இல்லை என்றால் காதில் கோளாறு இருந்துவிட்டுப் போகட்டும் என்ற மனநிலை.

உண்மையிலேயே மாறியிருந்தவை

எல்லாமே காதுதான் என்று சொன்னால் அதுவும் பொய். அவருடைய வேகம் குறைந்திருந்தது. புதிய திட்டமிடல் மென்பொருளில் இளையவர்கள் ஒரு நாளில் பிடித்ததை இவர் பிடிக்க இரண்டு வாரம் ஆயிற்று. தெரிந்த ஆளின் பெயர் நாக்கு நுனியில் நின்று வர மறுக்கிறது. இவை நடுவயதில் எதிர்பார்க்க வேண்டியவையே.

வார்னர் ஷாயி 1956இல் சியாட்டிலில் தொடங்கிய நீண்டகால ஆய்வு ஒரே ஆட்களை ஏழு ஆண்டுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் சோதித்தது. பார்த்ததைச் சட்டென்று பிரித்தறியும் வேகம் இளமையிலிருந்தே இறங்கத் தொடங்குகிறது. சொல்வளம், தர்க்கம், இடவுணர்வு போன்றவை நடுவயதில்தான் உச்சத்தில் நிற்கின்றன. இதை அவரிடம் சொன்னபோது அவ்வளவாக ஈர்க்கவில்லை. தட்டச்சர்கள் கதைதான் பிடித்தது. திமோதி சால்ட்ஹவுஸ் 1984இல் வெளியிட்டது: வயதான தட்டச்சர்களின் விரல் தனியாகச் சோதித்தால் மெதுவானது, ஆனால் தட்டச்சு வேகம் இளையவர்களுக்குக் குறைந்ததில்லை. அவர்கள் கண் வரியில் இன்னும் தள்ளி முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. "அதைத்தான் நான் பட்டறையில செய்யறேன்" என்றார். உண்மைதான். அதே மாதம் இளைய பொறியாளர் ஒருவர் போட்ட அட்டவணையில் ஓர் இயந்திரத்தின் பராமரிப்பு நாள் விடுபட்டிருந்ததை, மென்பொருளைத் திறக்காமல், தாளைப் பார்த்தே சொல்லியிருக்கிறார்.

ஷட்டில் குழு

இதை நான் தாமதமாகத்தான் கேட்டேன். பன்னிரண்டு வருடமாக ஒரே குழு. மூட்டு வலியால் நிறுத்தினார் என்பது மனைவியின் கணக்கு. அவரை வரிசையாகச் சொல்லச் சொன்னேன். முதலில் நின்றது விளையாட்டு இல்லை. ஆட்டம் முடிந்து எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து பேசும் அரை மணி நேரம்தான் முதலில் நின்றது. ஆட்டம் முடிந்ததும் வேலை இருக்கிறதென்று கிளம்பிவிடுவார். ஒருவர் ஜோக் சொல்லி எல்லோரும் சிரிக்கும்போது தானும் சிரித்து, "என்ன சிரிக்கிறீங்க, சொல்லுங்க" என்று ஒருமுறை மாட்டிக்கொண்டாராம். அப்புறம் ஆட்டத்துக்கும் போகவில்லை. மூட்டு வலி அதற்குப் பிறகு கிடைத்த கௌரவமான காரணம்.

வயது ஏற ஏற நட்பு வட்டம் சுருங்குவது இயல்பு. முக்கியமில்லாதவர்களைக் கழித்து முக்கியமானவர்களை வைத்துக்கொள்வார்கள். இவர் கழித்தது முக்கியமானவர்களை. அந்த வித்தியாசத்தைக் கேட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

பிறகு நடந்தவை

கருவி போட்ட முதல் மூன்று வாரம் நரகம் என்றார். செய்தித்தாளைப் புரட்டும் சத்தம், தன் செருப்பின் சத்தம், பக்கத்து மேசை விசைப்பலகை. ஒரு நாள் மதியம் கழற்றி டிராயரில் போட்டுவிட்டார், அப்பாவைப் போலவே. நிபுணர் அழைத்து ஒலியளவைக் குறைத்து, படிப்படியாக ஏற்றினார். நான்காவது மாதம் கருவியிலேயே பதிவாகும் கணக்குப்படி நாளுக்குச் சராசரி ஒன்பது மணி நேரம் போட்டிருந்தார்.

மேலாளரிடம் அவரே பேசினார். வாய்மொழி வேலைகளை இருவரிச் செய்தியாகவும் அனுப்பிவிடுவதாக மேலாளர் ஒத்துக்கொண்டார். பிரிவில் இருந்த முணுமுணுப்பு தணிந்தது. ஆறு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் பேசும் கூட்டங்கள் மட்டும் இன்றும் கஷ்டம்தான். ஷட்டிலுக்கு வாரம் இரண்டு நாள் போகிறார். மூட்டு வலி பொய்யில்லை, ஆகவே இரட்டையர் ஆட்டம் மட்டும்.

வீட்டில் கதை அவ்வளவு நேராக இல்லை. உண்மை தெரிந்ததும் மனைவிக்கு நிம்மதி வரவில்லை, கோபம் வந்தது. "அப்போ இத்தனை வருஷம் நான் சுவத்துக்கிட்ட பேசிக்கிட்டு இருந்தேனா?" மாதவிடாய் நிற்கும் காலத்தின் தூக்கமின்மையும் உடம்புச் சூடும் அவருக்கு அதே வருடங்களில்தான். அதை அவர் கணவரிடம் சொல்லியிருக்கிறார், கணவர் காதில் விழவில்லை, கண்டுகொள்ளவில்லை என்று அவர் முடிவு செய்துகொண்டார். அந்தக் கணக்கைக் கருவி தீர்க்காது. இருவரும் சேர்ந்து ஐந்து முறை வந்தார்கள், இன்னும் வருகிறார்கள்.

ஒரு வருடம் கழித்து மதிப்பீடு 27. மனச்சோர்வுப் படிவம் 4. கருவியைப் போட்டுக்கொண்டால் அப்பாவுக்கு வந்தது வராதா என்று கேட்டார். மறதி நோய் பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2020, 2024 அறிக்கைகளில் நடுவயதுச் செவித்திறன் குறைபாட்டை மறதி நோய்க்கான, மாற்றக்கூடிய அபாயக் காரணிகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. ஆனால் ஹியரிங் எய்டு கொடுத்தால் அறிதிறன் சரிவு குறையுமா என்று பார்த்து 2023இல் வெளியான அச்சீவ் சோதனையில், 70 முதல் 84 வயதுக்காரர்களிடம், மூன்று வருடத்தில் மொத்தக் குழுவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அபாயம் அதிகமுள்ள பிரிவினரிடம் மட்டும் சரிவு மெதுவானது. அவர் வயதுக்காரர்களுக்கு அதிலிருந்து நேரடியாக ஒன்றும் சொல்ல முடியாது. இப்படியே சொன்னேன். "சரி, ஷட்டிலுக்காவது உதவுதே" என்றார்.

இப்போது நான் மாற்றிக்கொண்டவை

நாற்பது தாண்டி மறதி என்று யார் வந்தாலும் காதும் கண்ணும் கடைசியாக எப்போது பார்த்தது, எத்தனை மணி நேரம் தூக்கம் என்று கேட்காமல் அறிதிறன் மதிப்பீட்டைத் தொடுவதில்லை. சந்தேகம் இருந்தால், காது கேளாதவர்களுக்கென்று எழுத்தில் காட்டிச் செய்யும் வடிவம் இருக்கிறது, அதைப் பயன்படுத்துகிறேன். மொத்தத்தைவிட எந்தப் பகுதியில் மதிப்பெண் போயிற்று என்பதை மருத்துவருக்கு எழுதுகிறேன். துணைவரின் கதையை இப்போதும் கேட்கிறேன், ஆனால் இரண்டாவதாக. நாற்காலியை ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் மாற்றிவிட்டேன். குனிந்து எழுதும் பழக்கம் மட்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை.

24 என்று நான் எழுதிய கடிதம் அவருடைய மருத்துவக் கோப்பில் இன்னும் இருக்கிறது. மருத்துவப் பதிவை எடுத்துவிட முடியாது என்றார்கள். எந்தச் சூழலில் அந்த எண் வந்தது என்று விளக்கி ஒரு திருத்தக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அதை அதன் பின்னால் பின் போட்டு வைத்திருக்கிறார்கள்.